ஓபீலியா தப்பாகப் பாடினால் யாருக்குத் தெரியும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: “ஹேம்லெட் பைத்தியமும் இல்லை, சோம்பேறியும் இல்லை.” அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேராசிரியன் இல்லை. பகலில் வங்கிக் கவுன்ட்டர், சாயங்காலம் சென்னையில் ஓர் அமெச்சூர் குழுவின் ப்ராம்ப்டர். சைடு விங்கில் ஸ்டூல் போட்டு, பிரதியும் பேனா டார்ச்சுமாக உட்கார்ந்து, நடிகருக்கு வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கிற வேலை. பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஸ்டூலை விடவில்லை. அங்கிருந்து தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக: ஷேக்ஸ்பியரின் நாடகம் இது. டென்மார்க் இளவரசன் ஹேம்லெட். அப்பா, அதாவது ராஜா, திடீரென்று இறந்துபோகிறார். ஒரு மாதத்துக்குள் அம்மா கெர்ட்ரூட், சித்தப்பா கிளாடியஸைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன்தான் இப்போது ராஜா. அப்பாவின் ஆவி வந்து, “தோட்டத்தில் தூங்கும்போது என் காதில் விஷம் ஊற்றிக் கொன்றவன் உன் சித்தப்பன்தான், பழிவாங்கு” என்கிறது. ஹேம்லெட் சரி என்கிறான். ஆனால் அதற்கு முன் பைத்தியக்கார வேஷம் போடப்போவதாக நண்பர்களிடம் சொல்லி, வெளியே சொல்லக் கூடாது என்று வாள் மேல் சத்தியம் வாங்குகிறான்.

*

கேள்வி: ஹேம்லெட்டுக்கு நிஜமாகவே பைத்தியமா, இல்லை நடிப்பா? எங்கள் கல்லூரியில் இரண்டு பக்கமும் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் வேண்டும். – திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி

நடிப்பு. பரீட்சையில் இதை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள் அம்மா, காரணத்தையும் எழுதுங்கள்.

பிரதியைக் கையில் வைத்திருப்பவன் கண்ணில் முதலில் படுவது பக்கத்தின் தோற்றம். செய்யுள் என்றால் வரிகள் குட்டையாக, வலது ஓரம் ஏறி இறங்கி நிற்கும். உரைநடை என்றால் ஓரம் வரை அடைத்துக்கொண்டு ஓடும். கிழட்டு மந்திரி பொலோனியஸிடம் உளறும்போது ஹேம்லெட் பேசுவது உரைநடை. வேவு பார்க்க வரவழைக்கப்பட்ட பழைய சிநேகிதர்கள் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன் இருவரிடமும் பெரும்பாலும் உரைநடைதான். அவர்கள் வெளியே போன மறுகணம், “இப்போது தனியாக இருக்கிறேன்” என்று ஆரம்பித்துப் பக்கக்கணக்கில் செய்யுள் கொட்டுகிறது. நினைத்த நேரத்தில் போடவும் கழற்றவும் முடிகிற சட்டை அது. (நாடகக்காரர்களிடம் நடிப்பைப் பற்றிப் பேசும்போதும் அவன் உரைநடையில்தான் பேசுகிறான், அங்கே பைத்தியமே கிடையாது. ஆகவே இதைச் சூத்திரமாக எழுதிவைக்காதீர்கள்.)

சிநேகிதர்களிடம் அவனே போட்டு உடைக்கிறான்: காற்று வடவடமேற்கிலிருந்து அடித்தால்தான் எனக்குப் பைத்தியம், தெற்குக் காற்றில் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று. ஏமாற்றப்பட வேண்டிய ஆள் கிளாடியஸ்; ஏமாறாத ஆளும் அவன் ஒருவன்தான். ஹேம்லெட் காதலித்த, பொலோனியஸின் மகளான ஓபீலியாவிடம் அவன் கத்துவதை ஒளிந்திருந்து கேட்டுவிட்டு, “கொஞ்சம் கோர்வை இல்லை, ஆனால் இது பைத்தியக்காரன் பேச்சு இல்லை” என்று சொல்லி, உடனே அவனை இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்ற முடிவு செய்கிறான். பொலோனியஸ் அதைக் காதல் கோளாறு என்று நம்புகிறான். அம்மா, தன் அவசரக் கல்யாணம்தான் காரணம் என்று நினைக்கிறாள். கொலை செய்தவனுக்கு மட்டும் சரியாக மூக்கில் வேர்த்துவிடுகிறது.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சி அம்மாவின் அறை. திரைச்சீலைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பொலோனியஸை, யாரென்று பார்க்காமலே குத்திக் கொன்றுவிட்டு அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறான். அப்போது ஆவி வருகிறது. முதல் அங்கத்தில் காவலாளிகள் முதல் ஹேம்லெட்டின் நண்பன் ஹொரேஷியோ வரை எல்லோருக்கும் தெரிந்த ஆவி, இங்கே அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு மகன் வெற்றிடத்தோடு பேசுகிறான். “என் நாடியைப் பார், உன்னுடையது போலவே அடிக்கிறது, இது பைத்தியம் இல்லை, தந்திரம்” என்கிறான் அவன். தரையில் ஒரு பிணம் கிடக்கிறது.

இந்த இடத்தில் நானும் கொஞ்சம் தடுமாறுவேன். ஆனால் கடைசி அங்கத்தைப் பாருங்கள். பொலோனியஸின் மகன் லயர்ட்டீஸிடம் ஹேம்லெட் மன்னிப்புக் கேட்கிறான்: உனக்குக் கெடுதல் செய்தது ஹேம்லெட் இல்லை, அவன் பைத்தியம், அந்தப் பைத்தியம் ஹேம்லெட்டுக்கே எதிரி. அம்மாவிடம் “எனக்குப் பைத்தியம் இல்லை” என்றவன், செத்தவனின் மகனிடம் “எனக்குப் பைத்தியம்” என்கிறான். இரண்டும் ஒரே கொலையைப் பற்றியது. இதை நோய் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வசதி என்றுதான் தோன்றுகிறது.

*

கேள்வி: நடிப்பு என்றால் எதற்காக நடிக்க வேண்டும்? பேசாமல் இருந்திருந்தால் சித்தப்பனுக்குச் சந்தேகமே வந்திருக்காதே? – கோவையிலிருந்து ஒருவர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். இந்தக் கதை ஷேக்ஸ்பியர் கற்பனை செய்தது இல்லை. 1200-ஐ ஒட்டி சாக்ஸோ கிராமட்டிகஸ் என்கிற டென்மார்க்காரர் லத்தீனில் எழுதிய தன் நாட்டு வரலாற்றில் ஆம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அங்கே கொலை ரகசியமே இல்லை. அண்ணனைக் கொன்றது ஊருக்கே தெரியும். அண்ணியைக் காப்பாற்றத்தான் கொன்றேன் என்று தம்பி நியாயம் வேறு பேசுகிறான். அடுத்து வெட்டப்பட வேண்டியவன் மகன். ஆகவே ஆம்லெத் அழுக்கிலும் புழுதியிலும் புரள்கிறான், குதிரையில் வால் பக்கம் பார்த்து உட்காருகிறான், அடுப்பங்கரையில் அமர்ந்து மரக்கொக்கிகளைச் சீவித் தீயில் வாட்டி வைக்கிறான். எதற்கு என்று கேட்டால் அப்பாவுக்காகப் பழிவாங்க என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒருநாள் பிரபுக்களைக் குடிக்க வைத்துச் சாய்த்துவிட்டு, அம்மா நெய்த திரையை அவர்கள் மேல் அறுத்துப் போட்டு, அதே கொக்கிகளால் இறுக்கி, மாளிகைக்குத் தீ வைக்கிறான். பிறகு சித்தப்பனின் அறைக்குப் போய் வாளை மாற்றி வைத்து அவனையும் முடிக்கிறான். அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வேலை இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, நேரமும் வாங்கிக் கொடுத்தது.

ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். நாட்டுக்குச் சொன்னது பாம்பு கடித்தது என்று. அத்தோடு பைத்திய வேஷத்தின் தேவை போய்விட்டது, ஆனால் வேஷத்தை அவர் விடவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தார் என்று நினைக்கிறேன்: பேசுகிற உரிமை. பொலோனியஸ் எங்கே என்று ராஜா கேட்கிறான். “விருந்தில் இருக்கிறார். அவர் சாப்பிடவில்லை, புழுக்கள் அவரைச் சாப்பிடுகின்றன” என்று ஆரம்பித்து, ஒரு ராஜா பிச்சைக்காரன் குடல் வழியாக எப்படி ஊர்வலம் போகலாம் என்பதுவரை ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்கிறான். தெளிந்த புத்தியோடு இதைச் சொன்னால் அன்றைக்கே தலை இருக்காது. ராஜாவின் மகனுக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை இது. அந்தச் சலுகையின் மறுபக்கம் அடுத்த கேள்வியில் வருகிறது.

*

கேள்வி: ஓபீலியாவின் பைத்தியக் காட்சி வெறும் கண்ணீர் வரவழைக்கும் உத்தியாகத்தான் எனக்குத் தெரிகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பாட்டுக்குப் பதிலாக அழுகையாக நடித்தால் அப்படித்தான் ஆகும். நான் பார்த்த ஓபீலியாக்களில் பலபேர் அழுதார்கள். பிரதியில் பாட்டுதான் இருக்கிறது.

ப்ராம்ப்டராக ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த ஒரு காட்சியில் எனக்கு வேலையே கிடையாது. பூவின் பெயரை மாற்றிச் சொன்னாலும், இரண்டாவது பாட்டை முதலில் பாடினாலும், நடுவில் நின்றுவிட்டாலும் அரங்கில் யாருக்கும் தெரியாது. எதிரில் நிற்கும் நடிகருக்குக்கூடத் தெரியாது. ஹேம்லெட்டின் பைத்தியத்தில் ஒரு வரி நழுவினால் அடுத்தவர் தடுமாறுவார், ஏனென்றால் அது கேள்விக்குப் பதிலாகப் பின்னப்பட்டது. “பைத்தியம்தான், ஆனால் ஒரு ஒழுங்கு இருக்கிறது” என்று பொலோனியஸ் சொல்வது இதைத்தான். அவன் மகளின் பைத்தியத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியும் இல்லை.

காதலித்தவன் கையால் அப்பா செத்துப்போகிறார். அவரை அவசர அவசரமாக, மரியாதை எதுவும் இல்லாமல் புதைத்துவிடுகிறார்கள். அண்ணன் பிரான்சில். காதலன் கப்பலில். சொல்லி அழ ஆள் இல்லை. 1603-இல் வந்த முதல் அச்சுப் பிரதியில் ஒரு மேடைக் குறிப்பு இருக்கிறது: லூட் என்கிற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு, தலையை விரித்துப் போட்டபடி, பாடிக்கொண்டே ஓபீலியா வருகிறாள். தலைவிரி கோலம் என்றால் என்னவென்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. அன்றைய லண்டன் ரசிகர்களுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பாடும் ஒன்று சாவுப் பாட்டு. இன்னொன்று, கன்னியாக வீட்டுக்குள் போனவள் அப்படியே திரும்பி வரவில்லை என்கிற கொச்சைப் பாட்டு. அதுவரை “சரி அப்பா”, “தெரியவில்லை பிரபு” என்று மட்டும் பேசிவந்த பெண், ராஜா ராணி முன்னால் இதைப் பாடுகிறாள். அப்புறம் பூக்கள்: நினைவுக்கு ரோஸ்மேரி, சிந்தனைக்கு பான்சி, வருத்தத்துக்கு ரூ என்கிற கசப்புச் செடி. வயலெட் கொடுக்க ஆசைதான், அப்பா செத்த அன்றே எல்லாம் வாடிவிட்டன என்கிறாள். எந்தப் பூ யாருக்கு என்று பிரதியில் குறிப்பே இல்லை. ஒவ்வொரு இயக்குநரும் அங்கே தனக்குத் தோன்றியபடி ஒரு குற்றப்பத்திரிகை எழுதிக்கொள்ளலாம்.

அரண்மனை பயப்படுவதும் அவளைப் பார்த்துத்தான். அவள் பேச்சில் அர்த்தம் இல்லை, ஆனால் கேட்கிறவர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கித் தங்கள் சந்தேகத்துக்கு ஏற்றபடி தைத்துக்கொள்கிறார்கள் என்று ராணியிடம் எச்சரிக்கிறார்கள். அவள் தண்ணீரில் விழுந்து இறந்த பிறகு பாதிரியார் சடங்கைப் பாதியில் நிறுத்துகிறார், தற்கொலையோ என்ற சந்தேகத்தில். பெரிய வீட்டுப் பெண்ணாக இல்லாவிட்டால் இந்த இடம்கூடக் கிடைத்திருக்காது என்று குழி வெட்டுகிறவன் சொல்கிறான்.

குழி அருகே ஹேம்லெட் நாற்பதாயிரம் அண்ணன்மார் சேர்ந்தாலும் என் அன்புக்கு ஈடாகாது என்று முழங்குகிறான். அடுத்த காட்சியில் லயர்ட்டீஸிடம் கேட்கும் அந்த மன்னிப்பு இருக்கிறதே, அதில் ஓபீலியா என்ற பெயரே கிடையாது. தேடிப் பாருங்கள்.

*

கேள்வி: ஹேம்லெட் நாடகத்தில் நடித்து நடிகருக்கே புத்தி பேதலித்துவிட்டதாமே? – வேலூர் வாசகர்

டேனியல் டே-லூயிஸைக் கேட்கிறீர்கள். 1989-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆவிக் காட்சியின்போது மேடையை விட்டு இறங்கியவர், அந்த நாடகத்துக்குத் திரும்பவில்லை. இறந்துபோன தன் அப்பாவையே பார்த்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அது நேருக்கு நேர் பார்த்ததாகச் சொன்னதில்லை என்று பல வருடம் கழித்து அவரே விளக்கினார். களைத்துப்போன மனிதர். பைத்தியம் என்று எழுதினால் விற்கும், அவ்வளவுதான். எனக்கு அந்தத் தயாரிப்பில் முக்கியமாகப் படுவது, பிறகு அந்த வேடத்தை ஏற்ற இயன் சார்ல்சன். எய்ட்ஸ் நோயோடு நடித்தார், 1990 ஜனவரியில் இறந்தார்.

*

கேள்வி: பழிவாங்கும் நாடகங்களில் பைத்தியம் ஏன் கட்டாயமாக வருகிறது? ஹேம்லெட்டுக்கு முன்பே உண்டா? – மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்

உண்டு. தொழில் முறையிலும் உங்களுக்குப் பிடிக்கும். தாமஸ் கிட் என்பவர் 1580-களில் எழுதிய ‘தி ஸ்பானிஷ் டிராஜெடி’. அதன் நாயகன் ஹியரோனிமோ ஸ்பெயின் அரண்மனையின் நீதிபதி. பிறர் வழக்கைத் தீர்ப்பது அவன் உத்தியோகம். ஒரு ராத்திரி கூச்சல் கேட்டு இரவு உடையோடு தோட்டத்துக்கு ஓடி வருகிறான். கொடிப்பந்தலில் ஒரு உடல் தொங்குகிறது. அறுத்து இறக்கிப் பார்த்தால் அவன் மகன். ரத்தத்தில் ஒரு கைக்குட்டையை நனைத்து வைத்துக்கொள்கிறான், பழி தீரும்வரை.

கொன்றவன் ராஜாவின் தங்கை மகனா, தம்பி மகனா என்று குடும்ப மரம் வரைய வேண்டாம். ராஜாவுக்கு நெருங்கிய உறவு லொரென்சோ, அவ்வளவு போதும். ஹியரோனிமோ உடனே வாளை எடுக்கவில்லை. இதுதான் விஷயம். முதலில் ஆதாரம் தேடுகிறான். ரத்தத்தில் எழுதிய ஒரு கடிதம் கிடைத்தபோது, இது பொறியாக இருக்கலாம் என்று தள்ளி வைக்கிறான். இரண்டாவது கடிதம் வந்து முதல் கடிதத்தை உறுதி செய்த பிறகு ராஜாவிடம் நியாயம் கேட்கப் போகிறான். லொரென்சோ நடுவில் புகுந்து மறிக்கிறான். ஹியரோனிமோ குத்துவாளால் தரையைத் தோண்டுகிறான், செத்தவனைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைக்கிறேன் என்று. “இந்த ஆளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது” என்று ராஜாவிடம் சொல்கிறவன் யார் தெரியுமா? லொரென்சோதான். பைத்தியம் என்ற சான்றிதழைக் கொடுத்தது கொலைகாரன்.

அடுத்து வருகிற காட்சியை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். கட்சிக்காரர்கள் மனுவோடு வருகிறார்கள். ஒருவனுக்குக் கடன் பிரச்சினை, ஒருவனைக் குத்தகை வீட்டிலிருந்து வெளியேற்றப் பார்க்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும் எதுவும் பேசாமல் நிற்கிறார்; அவர் மனு கொலையுண்ட மகனைப் பற்றியது. அதைப் படித்ததும் நீதிபதிக்கு எல்லாம் அறுந்துபோகிறது. மற்றவர்களின் காகிதங்களைப் பல்லால் கிழிக்கிறான். ஐயோ என் பத்திரம் என்று ஒருவன் அலற, “நான் எங்கே காயப்படுத்தினேன், ஒரு சொட்டு ரத்தம் காட்டு” என்கிறான். சிரிப்பும் வரும். கோர்ட்டுக்கு நடந்து நடந்து தேய்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

உங்கள் “ஏன் கட்டாயம்” என்ற கேள்விக்கு இந்தக் காட்சிதான் என் பதில். சட்டத்தின் வழியாகப் போக முடிந்தால் பழிவாங்கும் நாடகமே இல்லை, வழக்குதான். கதவு சாத்தப்பட்ட பிறகு மனிதன் என்ன ஆகிறான் என்பதைக் காட்ட அந்தக் காலத்து மேடைக்குக் கிடைத்த உருவம் பைத்தியம். ஹியரோனிமோவின் மனைவி இசபெல்லா, மகன் தொங்கிய பந்தலை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தன்னையே குத்திக்கொள்கிறாள். அவனோ அரண்மனைக்காக ஒரு நாடகம் போடுகிறான், கொலைகாரர்களுக்கும் வேடம் கொடுத்து. மேடையில் குத்து எல்லாம் நிஜம். பிறகு திரையை விலக்கி மகனின் பிணத்தைக் காட்டி முழுக் கதையும் சொல்கிறான். அப்படியும் அவர்கள் கேள்வி கேட்டுக் குடைய, தன் நாக்கைக் கடித்துத் துப்புகிறான். நியாயத்துக்காகப் பேசிப் பேசிப் பலனில்லாமல் போனவனுக்கு அதற்கு மேல் நாக்கு எதற்கு?

ஊர் இதைக் கொண்டாடியது. 1602 பதிப்பில் புதுக் காட்சிகள் சேர்ந்தன, பெரும்பாலும் பைத்தியக் காட்சிகள். 1615 பதிப்பின் அட்டையிலேயே “ஹியரோனிமோவுக்கு மறுபடியும் பைத்தியம்” என்று விளம்பரம். எழுதியவர் பெயர் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை. 1612-இல் இன்னொரு நாடகாசிரியர் ஒரு வரியை மேற்கோள் காட்டும்போது “கிட்” என்று சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. அந்தக் கிட் 1593-இல், அறையில் கிடைத்த மதவிரோதக் காகிதங்களுக்காகக் கைதாகி, சித்திரவதை பட்டு, மறு வருடமே இறந்தார். காகிதங்கள் தன்னுடையவை அல்ல, சக நாடகாசிரியர் மார்லோவுடையவை என்று சொல்லிப் பார்த்தார்.

*

கேள்வி: ஜெபம் செய்யும் சித்தப்பனைக் கொல்லாமல் விட்டது கருணையா? – காரைக்குடி

கருணையா! பிரார்த்தனையில் கொன்றால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான், பாவம் செய்யும்போது பிடித்து நரகத்துக்கு அனுப்பலாம் என்று வாளை உறையில் போடுகிறான். அவன் போன பிறகுதான் கிளாடியஸ் எழுந்து, என்னால் ஜெபம் பண்ணவே முடியவில்லை என்கிறான். லயர்ட்டீஸோ சர்ச்சுக்குள்ளேயே ஹேம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிற ரகம்.

இதைவிட நான் கவனிக்கச் சொல்வது கடைசியில் அவன் நிஜமாகவே கொல்லும் இடம். அம்மா விஷம் குடித்துச் செத்தாயிற்று, தன் உடம்பிலும் விஷம் ஏறிவிட்டது. வாளால் குத்தி, மிச்ச விஷத்தைச் சித்தப்பன் வாயில் ஊற்றும்போது சொல்கிறான்: “என் அம்மாவோடு போ.” அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆவியும் வரவில்லை. சுற்றி நிற்கும் பிரபுக்கள் “துரோகம், துரோகம்” என்று கத்துகிறார்கள். எதற்கான பழி என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒரு கொலைக்குப் பதில் சொல்லக் கிளம்பி, பொலோனியஸிலிருந்து எண்ணினால் எட்டு சாவு.

*

கேள்வி: தமிழ் மேடையில் ஹேம்லெட் வந்ததுண்டா, அல்லது சிவாஜி பேசியது மட்டும்தானா? – தாம்பரம்

‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் (1973) சிவாஜி ஹேம்லெட் வேடத்தில் ஆங்கிலத்திலேயே பேசியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு வெகு காலம் முன்பே பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கி, சுகுண விலாச சபையில் தானே நாயகனாக நடித்தார். 1891-இல் சென்னையில் அவர் தொடங்கிய சபை அது. வக்கீல், பின்னால் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி. பகலில் வழக்கு, ராத்திரியில் பைத்திய வேஷம் என்று வாழ்ந்தவர். மதுரை வழக்கறிஞர் கவனிக்க.

*

கேள்வி: முழு நாடகமும் எவ்வளவு நேரம்? எங்கள் குழுவில் இரண்டரை மணிக்குச் சுருக்கச் சொல்கிறார்கள். ஃபோர்டின்பிராஸை முழுதாக எடுத்துவிடலாமா? – புதுச்சேரியிலிருந்து ஓர் இளம் இயக்குநர்

வெட்டாமல் போட்டால் நான்கு மணி நேரம். கென்னத் பிரானா 1996-இல் எடுத்த படம் அந்த நீளம்தான். லாரன்ஸ் ஒலிவியே 1948-இல் ஃபோர்டின்பிராஸை மட்டுமல்ல, ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்னையும் சேர்த்து வெட்டினார், ஆஸ்காரும் வாங்கினார். ஆகவே உங்கள் ஆட்கள் சொல்வதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

ஆனாலும் எடுக்காதீர்கள் தம்பி. இந்த நாடகத்தில் அப்பாவைப் பறிகொடுத்த மகன்கள் மூன்று பேர்: ஹேம்லெட், லயர்ட்டீஸ், நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ். அவன் அப்பாவைத் தனிச்சண்டையில் கொன்றது ஹேம்லெட்டின் அப்பாதான். அப்பா இழந்த நிலத்தைப் பிடுங்கப் படை திரட்டுகிறான். மாமனோ பெரியப்பனோ, வீட்டுப் பெரியவர் கண்டித்ததும் விட்டுவிட்டு வேறு சண்டைக்குப் போகிறான். கடைசியில் எல்லோரும் செத்துக் கிடக்கும் கூடத்துக்குள் அவன் நடந்து வர, டென்மார்க் முழுவதும் சும்மா கையில் விழுகிறது. ஹேம்லெட்டே சாகும்போது அவனுக்குத்தான் வாக்களிக்கிறான். பழியைக் கைவிட்ட ஒருவனுக்கு ராஜ்ஜியம் போகிறது என்பதை எடுத்துவிட்டால், மிச்சம் ஒரு குடும்பச் சண்டை.

நேரம் போதவில்லை என்றால் பொலோனியஸ் பாரிஸுக்கு ஆள் அனுப்பி மகனை வேவு பார்க்கச் சொல்லும் காட்சியை எடுங்கள், சில நிமிடம் மிச்சமாகும். நாடகக்காரனின் டிராய் வசனத்தில் பாதியை எடுங்கள். முக்கியமாக, காட்சிக்குக் காட்சி விளக்கணைத்து செட் மாற்றுவதை நிறுத்துங்கள். எங்கள் குழுவில் அதற்குத்தான் அதிக நேரம் போகும்.